பால் நிறுத்திய குழந்தைக்கு மறுபடியும் பால் பழக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பசும்பால் புரத ஒவ்வாமை என்று சொல்லி மாதக்கணக்கில் பாலையே காட்டாமல் வளர்த்த குழந்தைக்கு, "இனி மெதுவாகக் கொடுத்துப் பாருங்கள்" என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு வீட்டில் என்ன செய்வது என்பதற்கான வழிகாட்டி இது. பெரும்பாலானோர் இடறுவது ஒரே இடத்தில்தான். முதலில் இரண்டு கரண்டி மோர், பிறகு தயிர், பிறகு பால் என்று நம் வழக்கப்படி போகிறார்கள். ஒவ்வாமைக்கான வரிசை வேறு: மாவோடு நீண்ட நேரம் வெந்த பால்தான் முதலில். மோரும் தயிரும் கிட்டத்தட்ட கடைசியில் வருபவை.

1. இந்த வழி உங்கள் குழந்தைக்கு உரியதா?

பால் ஒவ்வாமையில் இரண்டு வகை உண்டு. பால் பட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பெங்கும் தடிப்பு, உதடு அல்லது கண் வீக்கம், இழுப்பு, உடனடி வாந்தி வந்தால் அது உடனடி வகை. ஐஜிஇ வகை என்று மருத்துவர்கள் குறிப்பிடுவது இதைத்தான். சில மணி நேரம் கழித்தோ இரண்டு மூன்று நாள் கழித்தோ சளியோ ரத்தமோ கலந்த மலம், வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல், எதுக்களிப்பு, தோலில் கரப்பான் (எக்ஸிமா) அதிகமாவது என்று வந்தால் அது தாமத வகை.

கீழே உள்ள படிகள் தாமத வகைக்கு, அதுவும் லேசானது முதல் நடுத்தரமானதற்கு மட்டும். உடனடி வகையில் முதல் வாய் எங்கே, யார் முன்னிலையில் கொடுப்பது என்பதை ஒவ்வாமை நிபுணர்தான் முடிவு செய்ய வேண்டும். பால் குடித்து ஒன்று முதல் நான்கு மணி நேரத்தில் அடுக்கடுக்காக வாந்தி எடுத்து, வெளிறிப் போய்த் துவண்ட குழந்தைக்கும் வீட்டில் முயற்சி வேண்டாம். அவர்களுக்கு மருத்துவமனையில்தான் கொடுத்துப் பார்ப்பார்கள். ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாத குழந்தையும், உணவுக்குழாய் அழற்சிக்குச் சிகிச்சை பெறும் குழந்தையும் இந்தப் பட்டியலில் சேருவார்கள்.

பால் நிறுத்தி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். குழந்தைக்கு 9 முதல் 12 மாதமாவது நிரம்பியிருக்க வேண்டும். பாலை நிறுத்திய இரண்டு முதல் நான்கு வாரத்தில், நோய் பால்தானா என்று உறுதிப்படுத்த மருத்துவர் ஒருமுறை பால் கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருப்பார். அது வேறு சோதனை. இரண்டையும் குழப்பிக்கொண்டு, "அப்போதே கொடுத்துப் பார்த்தோம், ஒத்துக்கொள்ளவில்லை" என்று இதைத் தொடங்காமலே விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

இன்னொரு குழப்பம் லாக்டோஸ். லாக்டோஸ் என்பது பாலில் உள்ள சர்க்கரை. ஒவ்வாமை வருவது புரதத்தால். லாக்டோஸ் நீக்கிய பாலில் புரதம் முழுதாக இருக்கிறது. ஆட்டுப்பால், எருமைப்பால் புரதங்களும் பசும்பாலுடையதை ஒத்தவைதான். பசும்பால் சேராத குழந்தைக்கு அவையும் பெரும்பாலும் சேராது. "ஆட்டுப்பால் கொடுத்துப் பாருங்கள், குளிர்ச்சி" என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கிராம் கணக்கில் காட்டும் சமையல் தராசு, 5 மில்லி தேக்கரண்டி, மருந்துக்குப் பயன்படும் ஊசியில்லாத சிரிஞ்சு, ஒரு நோட்டு. தராசு இல்லாமல் இதைச் செய்யலாம், ஆனால் அளவு ஒவ்வொரு முறையும் மாறும். மாறினால் எந்த அளவுக்கு எதிர்வினை வந்தது என்பது தெரியாமலே போகும்.

நோட்டில் தொடங்குவதற்கு முந்தைய ஒரு வாரத்தையும் எழுதுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை மலம், எப்படிப்பட்டது, தூக்கம், தோல், வாந்தி. கரப்பான் இருக்கும் இடங்களைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். பால் இல்லாமலே இந்தக் குழந்தை எப்படி இருந்தது என்பது எழுத்தில் இல்லாவிட்டால், பின்னால் வரும் ஒவ்வொரு சிணுங்கலுக்கும் பாலின் மேல் பழி விழும்.

மாவுப் பொருளாகக் கோதுமையோ மைதாவோ பயன்படுத்தப் போகிறோம். குழந்தை கோதுமையை ஏற்கெனவே தொல்லையின்றிச் சாப்பிட்டிருக்க வேண்டும். முட்டை இதுவரை கொடுத்ததில்லை என்றால் முட்டை சேர்த்த கேக் வேண்டாம். கீழே உள்ள செய்முறைகளில் முட்டை இல்லை.

3. எந்த நாளில்

காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு இருக்கும்போது வேண்டாம். தடுப்பூசி போட்ட அந்த வாரமும், ஆன்டிபயாட்டிக் ஓடும் நாட்களும், பல் முளைக்கும் தொல்லை உச்சத்தில் இருக்கும் நாட்களும் வேண்டாம். ஒவ்வாமை மருந்து தினமும் கொடுத்துக்கொண்டிருந்தால் எத்தனை நாள் முன்பே நிறுத்துவது என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்த மருந்து எதிர்வினையின் தொடக்கத்தை மூடி மறைத்துவிடும்.

முதல் அளவைக் காலையில், மருத்துவர் கிளினிக்கில் இருக்கும் நாளில் கொடுங்கள். சனிக்கிழமை மாலையும் இரவுச் சாப்பாடும் மிக மோசமான நேரங்கள். இரவு வரும் தடிப்பைத் தூக்கத்தில் கவனிக்க முடியாது. ஊருக்குப் போகும் வாரம், வீட்டில் விசேஷம் உள்ள வாரம் வந்தால் தள்ளிப் போடுங்கள்.

இந்த வாரங்களில் வேறு எந்தப் புது உணவும் கிடையாது. மீனும் வேண்டாம், வேர்க்கடலையும் வேண்டாம், புதுப் பழமும் வேண்டாம். புது சோப்பு, புது கிரீம்கூட வேண்டாம்.

4. வரிசை ஏன் இப்படி

பாலில் இரு பெரும் புரதக் கூட்டங்கள் உள்ளன. மோர்ப்புரதங்கள் (வே; பால் திரியும்போது பிரியும் தண்ணீரில் இருப்பவை, நாம் குடிக்கும் மோர் அல்ல) நீண்ட சூட்டில் உருக்குலையும். கேசீன் (பால் திரியும்போது கட்டியாகும் புரதம்) சூட்டைத் தாங்கும். 180 டிகிரியில் வேகும்போது கோதுமை மாவும் பால் புரதத்தைப் பிணைத்துக்கொள்வதால், குடலுக்கு அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிய வரும். ஆகவே நீண்ட நேரம், அதிகச் சூட்டில், மாவோடு வெந்தது முதலில். குறைந்த சூடும் அதிக அளவும் பிறகு.

அடுப்பில் நன்றாகக் காய்ச்சிய பால் இந்தக் கணக்கில் வராது. பால் 100 டிகிரியைச் சற்றே தாண்டிக் கொதிக்கிறது, மாவுப் பிணைப்பும் இல்லை. "இரண்டு முறை காய்ச்சித்தானே கொடுக்கிறோம்" என்பது நாங்கள் அடிக்கடி கேட்கும் வாதம். காய்ச்சிய பாலும் பாயசமும் பால்கோவாவும் கடைசிப் படிதான்.

இப்படிப் படிப்படியாகப் பால் பழக்கும் வரிசைக்குப் பால் ஏணி என்று பெயர். பிரிட்டனில் 2013இல் வந்த பழைய ஏணியில் 12 படிகள் இருந்தன. 2017இல் அதை 6 ஆக்கினார்கள்: பிஸ்கட், மஃபின், பான்கேக், சீஸ், யோகர்ட், பால். இணையத்தில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், நடுவில் மாற்றாதீர்கள். இங்கே நம் சமையலுக்கு ஏற்ப ஆறு படிகள்.

5. படி 1: பால் பவுடர் பிஸ்கட்

மைதா அல்லது கோதுமை மாவு 100 கிராம், எண்ணெய் 40 மில்லி, மசித்த வாழைப்பழம் 40 கிராம், கொழுப்பு நீக்கிய பால் பவுடர் ஒரு மட்டத் தேக்கரண்டி (சுமார் 3 கிராம்). பிசைந்து சரியாக 10 பங்காக்கி, தட்டையாகத் தட்டி, 180 டிகிரிக்கு முன்கூட்டியே சூடாக்கிய ஓவனில் 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். நடுப்பகுதி ஈரமில்லாமல் மொறுமொறுப்பாக வர வேண்டும்.

கணக்கு இது: கொழுப்பு நீக்கிய பால் பவுடரில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 35 கிராம் புரதம். 3 கிராமில் 1 கிராம். ஒரு பிஸ்கட்டில் 0.1 கிராம், அதாவது 3 மில்லி பாலுக்குச் சமம்.

பவுடர் வாங்கும்போது அட்டையைப் பாருங்கள். டீக்கடைகளில் பயன்படும் டெய்ரி ஒயிட்னரில் சர்க்கரை சேர்ந்திருப்பதால் புரதம் குறைவு. முழுக்கொழுப்பு பவுடரில் 25 கிராம் அளவில் இருக்கும். இவற்றைப் போட்டால் மேலே சொன்ன கணக்கு தப்பும்.

இங்கே அதிகம் நடக்கும் தவறு கட்டி. பவுடர் ஒரே இடத்தில் திரண்டுவிட்டால் ஒரு பிஸ்கட்டில் ஒன்றுமே இருக்காது, இன்னொன்றில் மூன்று பங்கு இருக்கும். நான்கு நாள் ஒன்றும் ஆகாமல் ஐந்தாம் நாள் திடீரென்று வாந்தி வந்தால் இதுதான் பெரும்பாலும் காரணம். பவுடரையும் மாவையும் சேர்த்து மூன்று முறை சலியுங்கள்.

கொடுக்கும் முறை: முதல் மூன்று நாள் கால் பிஸ்கட், அடுத்த மூன்று நாள் அரை, அடுத்த மூன்று நாள் ஒன்று. தாமத எதிர்வினை 72 மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதால்தான் மூன்று மூன்று நாள். ஒன்று தினமும் ஒத்துக்கொண்ட பிறகு இன்னும் ஐந்து நாள் அதிலேயே நில்லுங்கள். சில மருத்துவர்கள் இதைவிட வேகமாகப் போகச் சொல்வார்கள். அப்போது அவர் சொல்லே சரி.

கடை பிஸ்கட்டை இதற்குப் பதிலாக வைக்காதீர்கள். மேரி வகையிலும் பால் பொருட்கள் சேர்வது உண்டு. எத்தனை கிராம் என்பதை அட்டை சொல்வதில்லை.

6. படி 2: கப் கேக்

மைதா 150 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, எண்ணெய் 40 மில்லி, ஒரு வாழைப்பழம், பால் 120 மில்லி. ஆறு கப்பாகப் பிரித்து 180 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம். ஒரு கப் கேக்கில் 20 மில்லி பால், அதாவது சுமார் 0.65 கிராம் புரதம். படி 1இன் ஆறு மடங்கு. ஆகவே மறுபடியும் கால் பங்கிலிருந்து தொடங்குங்கள்.

ஓவன் இல்லாத வீட்டில் குக்கர் கேக்கே வழி. உப்பு பரப்பி, விசிலும் கேஸ்கட்டும் எடுத்து, பத்து நிமிடம் முன்சூடு. சூடு எவ்வளவு என்று சொல்ல முடியாது என்பதால் பெரிய கேக்காக ஊற்ற வேண்டாம். பெரிய கேக்கின் நடு கடைசியாகத்தான் வேகும். குழந்தைக்குப் பிடிப்பதும் அந்த மெத்தென்ற நடுப்பகுதிதான். சின்ன கிண்ணங்களில் வேகவைத்து, குச்சி சுத்தமாக வந்த பிறகும் ஐந்து நிமிடம் விடுங்கள். ஆவியில் வேகவைக்கும் இட்லிப் பானை கேக் இங்கே உதவாது, அது 100 டிகிரிதான்.

நெய்யைப் பற்றி எப்போதும் கேள்வி வரும். நெய்யில் பால் புரதத்தின் சுவடு இருக்கிறது. நன்றாகக் காய்ச்சி வடித்தாலும் முழுக்கப் போகாது. இந்தப் படி முடியும் வரை நெய்யைத் தள்ளி வைப்பதே எங்கள் பரிந்துரை. பருப்புச் சோற்றில் யாரோ ஊற்றிய அரைக் கரண்டி நெய் உங்கள் இரண்டு வாரக் கணக்கைக் கெடுத்துவிடக்கூடும்.

7. படி 3: பால் ஊற்றிய கோதுமை தோசை

கோதுமை மாவு 100 கிராம், பால் 120 மில்லி, தேவையான தண்ணீர். சரியாக நான்கு தோசை. ஒரு தோசையில் 30 மில்லி பால், சுமார் 1 கிராம் புரதம். தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் நிறம் மாறும் வரை.

புரதம் கொஞ்சமே கூடியிருக்கிறது, ஆனால் சூடு படும் நேரம் அரை மணியிலிருந்து மூன்று நிமிடமாகக் குறைந்திருக்கிறது. இந்தத் தாவல் அளவை விடப் பெரியது. படி 2ஐ எளிதாகக் கடந்த குழந்தை இங்கே நிற்பது வியப்பல்ல. அதே மூன்று மூன்று நாள் முறை. பால் ஊற்றிப் பிசைந்த சப்பாத்தியையும் கொடுக்கலாம். ஒரு சப்பாத்திக்கு எத்தனை மில்லி பால் என்று மட்டும் அளந்துகொள்ளுங்கள்.

8. படி 4: பன்னீர்

முதல் மூன்று நாள் 5 கிராம், பிறகு 10, பிறகு 15. உதிர்த்து, பருப்பிலோ குழம்பிலோ போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டுக் கொடுங்கள். 15 கிராம் பன்னீரில் இரண்டரை கிராமுக்கும் மேல் புரதம் இருக்கிறது, பெரும்பகுதி கேசீன். பார்க்கச் சின்னத் துண்டு என்பதால் கண்ணளவில் கொடுத்து இரட்டிப்பாக்கிவிடுவார்கள். தராசு இங்கேதான் மிகவும் வேண்டியது.

9. படி 5: தயிர்

ஒரு தேக்கரண்டியில் தொடங்கி 100 மில்லி வரை: 5, 15, 30, 60, 100. ஒவ்வொன்றும் மூன்று நாள். தயிர்சாதமாகவே கொடுக்கலாம். உறைவதால் லாக்டோஸ் குறைகிறது, புரதம் போய்விடுவதில்லை. தயிர் லேசு என்ற நம்பிக்கை செரிமானத்தைப் பற்றியது, ஒவ்வாமைக்கு அது பொருந்தாது.

மோரை அளவுக்குப் பயன்படுத்த வேண்டாம். ஒரு வீட்டில் ஒரு பங்கு தயிருக்கு இரண்டு பங்கு தண்ணீர், இன்னொரு வீட்டில் ஐந்து பங்கு. மோர்க்குழம்பு இந்தப் படியோடு சேர்ந்தது.

10. படி 6: பால்

ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குப் பசும்பாலைக் குடிக்கும் பாலாகக் கொடுப்பதில்லை, ஒவ்வாமை இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஒரு வயது ஆனபின் காய்ச்சிய பால் 10 மில்லியில் தொடங்கி 30, 60, 100, 200 என்று போகலாம். ஒவ்வொன்றும் மூன்று நாள். பாயசம், பால்கோவா, ஐஸ்கிரீம், பால் சேர்த்த சத்து பானங்கள் எல்லாம் 200 மில்லி ஒத்துக்கொண்ட பிறகு.

சிறப்பு ஃபார்முலா குடிக்கும் குழந்தைக்கு அதை ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். ஒரு பாட்டிலில் 30 மில்லி பாலும் மீதி ஃபார்முலாவும் என்று கலந்து, மூன்று நாளுக்கு ஒருமுறை பங்கை மாற்றுங்கள். சுவை மாறுவது புரியாமல் குழந்தை பாட்டிலையே மறுத்தால், அதை ஒவ்வாமை என்று நினைத்துப் பின்வாங்குகிறார்கள். பெரும்பாலும் அது சுவைதான்.

11. எதிர்வினை வந்தால்

மூச்சு இழுப்பு, குரல் கம்முதல், நாக்கு அல்லது தொண்டை வீக்கம், நிற்காத வாந்தியோடு துவண்டு போதல், வெளிறுதல்: உடனே 108. அட்ரினலின் ஊசி எழுதிக் கொடுத்திருந்தால் அதுதான் முதலில். ஒவ்வாமை சிரப் அதற்கு மாற்றாகாது. மலத்தில் ரத்தம் வந்தால் நிறுத்தி, அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

மற்ற தாமத அறிகுறிகள் என்றால் அந்தப் படியை நிறுத்தி, குழந்தை பழைய நிலைக்குத் திரும்பும் வரை காத்திருங்கள். பிறகு கடைசியாக ஒத்துக்கொண்ட படிக்குப் போங்கள். இந்த இடத்தில்தான் பெரிய தவறு நடக்கிறது: தோசையில் வயிற்றுப்போக்கு வந்ததும் பயந்துபோய் பிஸ்கட், கேக் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள். ஒத்துக்கொண்டதைத் தொடர்ந்து கொடுப்பது முக்கியம். மேல் படியை எப்போது மறுபடி முயல்வது என்று மருத்துவரைக் கேளுங்கள். முதல் படியே ஒத்துக்கொள்ளவில்லை என்றால் முழுப் பால் தவிர்ப்புக்குத் திரும்பி, வழக்கமாக ஆறு மாதம் கழித்து மறுபடி முயல்வார்கள்.

எதை எதிர்வினையாகக் கணக்கிடக் கூடாது? வாயைச் சுற்றி மட்டும் லேசான சிவப்பு வந்து அரை மணியில் மறைந்தால், தக்காளியும் புளிப்பும் எச்சிலும்கூட அதைச் செய்யும். கன்னத்தில் வாஸ்லின் தடவிவிட்டு மறுநாள் அதே அளவைக் கொடுத்துப் பாருங்கள். தடிப்பாக எழும்பினாலோ உடம்பில் வேறிடத்துக்குப் பரவினாலோ அது வேறு. நிறுத்தி மருத்துவரிடம் பேசுங்கள். மலம் ஒருநாள் சற்று இளகுவதும் எதிர்வினை ஆகாது. நோட்டில் உள்ள முந்தைய வாரத்தோடு ஒப்பிடுங்கள்.

12. கணக்கைக் கெடுக்கும் மறைவுப் பால்

பொட்டலங்களில் உள்ள பச்சைப் புள்ளி சைவம் என்பதை மட்டும் சொல்கிறது. பால் சேர்ந்த பொருளுக்கும் அதே புள்ளிதான். ஒவ்வாமைப் பொருள் பட்டியலில் பாலைக் குறிப்பிட வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிகள் சொல்கின்றன. பெரும்பாலும் பொருட்களின் பட்டியலை ஒட்டி அது இருக்கும். பால் திடப்பொருள், வே, கேசினேட் எல்லாம் பால்தான். பேக்கரி பன், ரஸ்க், சிப்ஸ் மேல் தூவும் மசாலா, மால்ட் பானங்கள் எல்லாவற்றையும் பாருங்கள்.

வீட்டுக்குள் இன்னும் கடினம். தாத்தா பாட்டியிடம் "கொடுக்காதீர்கள்" என்று மட்டும் சொன்னால் போதாது. இந்த வாரம் எந்தப் படி, எது கொடுக்கலாம் என்று எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். அவர்கள் கையாலேயே அந்த நாளின் கேக்கைக் கொடுக்கச் சொல்லுங்கள். கொடுக்க ஏதாவது இருந்தால், மறைத்துக் கொடுக்க வேண்டிய தேவை போய்விடும்.

13. தாய்ப்பால் குடிக்கும் குழந்தை என்றால்

அம்மாவும் பால் நிறுத்தியிருந்தால், அம்மா மறுபடி தொடங்குவதும் குழந்தை ஏணி ஏறுவதும் ஒரே வாரத்தில் வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் எதிர்வினை யார் தட்டிலிருந்து வந்தது என்று தெரியாது. எது முதலில் என்று மருத்துவரைக் கேட்டு, ஒன்று நிலைத்து இரண்டு வாரம் ஆனபின் மற்றதைத் தொடங்குங்கள்.

இந்த மாதங்கள் முழுக்க இருவருக்கும் சுண்ணாம்புச் சத்து வேறு வழியில் வந்தாக வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. எள், முருங்கைக் கீரை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி உதவும். ஏணி பாதியில் இருக்கும்போது "இப்போதுதான் பால் கொடுக்கிறோமே" என்று கால்சியம் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். நாளுக்கு ஒரு கப் கேக்கில் இருப்பது 20 மில்லி பால்தான். அதில் கால்சியம் 25 மில்லிகிராம் அளவே வரும். நாளுக்கு 200 மில்லி பாலோ தயிரோ நிலையாக ஒத்துக்கொண்ட பிறகு மருத்துவரிடம் கேட்டே நிறுத்துங்கள்.